சொல் அறிவோம்: ஹவுஸ் என்றால் வீடு மட்டுமா?



கடந்த இதழில் வங்கிப் படிவங்களில் வரும் சொற்களைப் பார்த்தோம். இம்முறை எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஹவுஸ். "இதில் படிக்க என்ன இருக்கிறது, வீடுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2013ஆம் ஆண்டளவில் எமது சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்குப் படுவான்கரையிலிருந்து ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வீட்டுத்திட்டம் ஒன்றுக்கான படிவம். முழுவதும் ஆங்கிலம். முதல் வரியில் "ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்ட்" என்று இருந்தது. அதற்கு நேரே அவருடைய கணவரின் பெயரை யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். கணவர் 1990இல் காணாமற்போனவர். அக்கா இருந்த வளவோ அவருடைய தாய் சீதனமாகக் கொடுத்தது.

"இதில என்ன எழுதிக்கிடக்கு ரீச்சர்?"

"குடும்பத் தலைவர் எண்டு கிடக்கு அக்கா."

"அப்ப அது நான்தானே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தச் சொல்லைச் சற்று ஆழமாகப் பார்க்க வேண்டியிருந்தது. அன்று தேடியதையும் பின்னர் அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஹவுஸ் மிகப் பழைய ஆங்கிலச் சொல். ஜேர்மன் மொழியிலும் கிட்டத்தட்ட இதே உச்சரிப்புத்தான். எமது கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். மூவரும் தங்கள் தங்கள் சொற்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். யன்னல், விறாந்தை, குசினி, அலுமாரி, கதிரை எல்லாம் போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை. கந்தோர் ஒல்லாந்தருடையது. வீட்டினுள் இருக்கும் பாதிப் பொருட்களின் பெயர் கப்பலில் வந்தது. வீடு என்ற சொல் மட்டும் எங்களுடையதாகவே இருந்துவிட்டது. வளவும் அப்படித்தான்.

நாங்கள் ஹவுஸ் என்ற சொல்லை எங்கெல்லாம் கேட்கிறோம்? பாடசாலையில் கேட்கிறோம். அங்கே இல்ல விளையாட்டுப் போட்டி என்று நடப்பது ஆங்கிலத்தில் ஹவுஸ் மீட். பிள்ளைகளை மூன்று நான்கு இல்லங்களாகப் பிரித்து, ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, கிடுகும் கடதாசிப் பூவும் கொண்டு பந்தல் அலங்கரிப்பார்களே, அதுதான். விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகள் உண்மையாகவே தனித்தனி வீடுகளில் தங்கிப் படித்த இங்கிலாந்து வழக்கம் அது. எங்களிடம் வீடு போய் நிறம் மட்டும் வந்து சேர்ந்தது. படமாளிகை வாசலில் "ஹவுஸ்புல்" என்று பலகை போட்டால் அங்கே ஹவுஸ் என்பது மண்டபம். பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய லைட் ஹவுஸை நாங்கள் வெளிச்சவீடு என்போம். சொல்லுக்குச் சொல் பெயர்த்த பெயர்தான், ஆனாலும் அழகாக அமைந்துவிட்டது. அதில் யாரும் குடியிருப்பதற்காக அல்ல, விளக்கு குடியிருப்பதற்காகக் கட்டிய வீடு.

எங்கள் வீடும் கல்லும் சீமெந்தும் மாத்திரம் அல்ல. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்கிறோம். "நேற்று ஒரு செத்த வீட்டுக்குப் போனேன்" என்றால் கட்டடத்தைப் பற்றியா கதைக்கிறோம்? அங்கே வீடு என்பது ஒரு நிகழ்வு. ஊர் கூடுவது. ஆங்கிலத்தில் இதை ஹவுஸ் என்று எழுதினால் யாருக்கும் விளங்காது, பியூனரல் என்றும் வெடிங் என்றும்தான் எழுத வேண்டும். வகுப்பில் ஒரு தங்கச்சி "டெட் ஹவுஸ்" என்று எழுதிக் காட்டியது நினைவுக்கு வருகிறது. சிரித்தோம். ஆனால் அந்தப் பிள்ளை பிழையாக யோசிக்கவில்லை. தேர்தல் காலத்தில் "வீட்டுக்குப் போட்டது" என்றால் அது வேறு கதை, அது சின்னம்.

ஹவுஸ் என்பதற்கும் ஹோம் என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்கிறார்கள். ஹவுஸ் கட்டடம், ஹோம் நாம் உரிமையோடு போய்ச் சேரும் இடம். விற்கும்போதும் கட்டும்போதும் ஹவுஸ், திரும்பிப் போகும்போது ஹோம். புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. எமது பகுதியில் ஹோம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. "பிள்ளைய ஹோமில விட்டிருக்கு" என்று ஒரு தாய் சொன்னால் அது சிறுவர் இல்லம். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளையும், தாய் இருந்தும் சாப்பாட்டுக்கு வழியில்லாத பிள்ளைகளையும் விட்ட இடம். ஒரு பெட்டை என்னிடம், "ஹோமில இருந்து எப்ப ரீச்சர் வீட்டுக்குப் போறது?" என்று கேட்டது. இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதித்தரச் சொன்னால் எனக்குக் கை ஓடாது.

இனிக் கணவன் மனைவிக்கு வருவோம். ஹஸ்பண்ட் என்ற சொல்லுக்குள்ளும் ஒரு வீடு ஒளிந்திருக்கிறது. வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் ஹூஸ் என்றால் வீடு. அதனோடு குடியிருப்பவன் என்ற பொருளுடைய சொல் சேர்ந்து, வீட்டுக்கு உடையவன் என்று ஆகி, ஆங்கிலத்தில் ஹஸ்பண்ட் ஆனது. எங்கள் வீட்டுக்காரர் என்ற சொல் அப்படியே இதற்குப் பொருந்தும். அதற்குச் சோடியாக ஹவுஸ்வைவ், வீட்டுக்காரி. ஆனால் இரண்டு சொற்களும் போன வழிகளைப் பாருங்கள். ஹஸ்பண்ட் மரியாதையோடு அப்படியே இருக்கிறது. ஹவுஸ்வைவ் பேச்சில் தேய்ந்து ஹஸி என்று ஒரு சொல்லாகி, அது நாளடைவில் நடத்தை கெட்ட பெண் என்ற ஏச்சுச் சொல்லாகிவிட்டது. ஒரே வீட்டிலிருந்து புறப்பட்ட இரண்டு சொற்கள்! இராணுவத்தினர் பையில் கொண்டுபோகும் ஊசி நூல் பொட்டலத்துக்கும் ஒரு காலத்தில் ஹவுஸ்வைவ் என்றுதான் பெயர். தெறித்த பொத்தானைத் தைப்பதற்கு மனைவி கூட வர முடியாதல்லவா.

தமிழில் இது வேறு மாதிரி. மனைக்கு உரியவள் மனைவி, இல்லுக்கு உரியவள் இல்லாள். இல்லாள் என்பதற்கு ஆண்பாலாக இல்லான் என்று சொன்னால் ஒன்றும் இல்லாதவன் என்று பொருளாகிவிடும். தமிழாசிரியர்கள் சொல்லிச் சிரிக்கும் பழைய பகிடி இது. மட்டக்களப்பில் பகிடி மட்டுமல்ல, ஏறக்குறைய வழமையே அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹவுஸ்மெயிட் என்ற சொல்லை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. குவைத்துக்கும் சவூதிக்கும் போனவர்கள் எத்தனை பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள்! அங்கே கத்தாமா என்று கூப்பிடுவார்கள், ஒப்பந்தத் தாளில் ஹவுஸ்மெயிட் என்று இருக்கும். மகளுக்கு ஒரு ஹவுஸ் கட்டுவதற்காக வேறொருவரின் ஹவுஸில் மெயிட் ஆகப் போகிறோம். அத்திவாரத்துக்கு ஒரு தடவை, சுவருக்கு ஒரு தடவை, கூரைக்கு ஒரு தடவை என்று மூன்று முறை போய்வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் இந்தச் சொல்லோடு என்னென்ன வேலை, எத்தனை பேருள்ள வீடு, ஒன்றா இரண்டா வீடு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஹவுஸுக்கு என்று கூட்டிப்போய், எசமானின் தாய் வீட்டையும் சேர்த்துக் கூட்ட வைத்த கதைகள் ஏராளம்.

இனிச் சில மரபுத்தொடர்கள்.

"ஒன் த ஹவுஸ்" என்று கடைக்காரர் சொன்னால் காசு வேண்டாம், கடைக் கணக்கில் என்று பொருள். இதை மட்டும் எல்லோரும் உடனே பாடமாக்கிக்கொண்டார்கள். "பிரிங் த ஹவுஸ் டவுன்" என்றால் வீட்டை இடித்து விழுத்துவதல்ல, கூரை அதிரும்படி சபை கைதட்டுவது. எமது கூத்துக்கு இது பொருந்தாது. வடமோடியோ தென்மோடியோ வட்டக்களரியில் வெட்டவெளியில் ஆடும்போது விழுவதற்குக் கூரை எங்கே? "ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்" சீட்டுக்கட்டில் அடுக்கிய வீடு, ஊதினால் விழும். நாங்கள் மணல்வீடு என்போம். "ஈட் அவுட் ஒஃப் ஹவுஸ் அன்ட் ஹோம்" என்றால் வந்திருந்து தின்றே வீட்டை அழிப்பது. சேக்ஸ்பியரின் நாலாம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் ஒரு விதவை இந்த முறைப்பாட்டைச் சொல்கிறாள். அவள் சாப்பாட்டுக்கடை வைத்துப் பிழைப்பவள். அவள் முறையிடுவது ஃபால்ஸ்ராவ் என்ற ஒரு போர்வீரனைப் பற்றி. கல்யாணம் முடிப்பேன் என்று சொல்லிச் சொல்லிக் கடனுக்குச் சாப்பிட்டவன். நாடகத்தில் அது சிரிப்புக் காட்சி. படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சேவ் அஸ் ஹவுஸஸ்" என்று ஒன்று இருக்கிறது. வீடுகளைப் போலப் பாதுகாப்பானது, ஒரு பயமும் இல்லை என்பது பொருள். இதைக் கரும்பலகையில் எழுதியபோது வாகரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மெதுவாகச் சிரித்தார். 2006இல் வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு அது சிரிப்புக்குரிய உவமைதான். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட அம்மாமாரும் அப்படித்தான் சிரிப்பார்கள். இங்கிலாந்தில் வீடு அசையாத சொத்து. அசையாத சொத்து என்று எமது உறுதிகளிலும் எழுதுகிறோம், ஆனால் அது பறந்ததையும் மிதந்ததையும் எரிந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள்.

இன்னொன்றையும் நான் அன்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லியிருக்கக் கூடாது. "கெற் ஒன் லைக் எ ஹவுஸ் ஒன் ஃபயர்" என்றால் இருவர் கண்டவுடனேயே நல்ல சிநேகமாகிவிடுவது. தீ சட்டென்று பற்றிக்கொள்வதைப் போல, என்று விளக்கமும் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி கொப்பியை மூடிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றது. அவளுடைய வீடு எரிந்ததை எனக்கு யாரும் முன்பு சொல்லியிருக்கவில்லை. இந்தத் தொடரை நீங்கள் யாரிடமாவது கேட்டால் பொருள் தெரிந்திருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். வகுப்பில் இப்போது படிப்பிப்பதில்லை.

இனி அந்த அக்காவின் படிவம். ஹவுஸ்ஹோல்ட் என்பதும் ஹவுஸ் என்பதும் ஒன்றல்ல. ஹோல்ட் என்றால் பிடித்திருப்பது, வைத்திருப்பது. ஒரே இடத்தில் வாழ்ந்து ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுபவர்கள்தான் ஒரு ஹவுஸ்ஹோல்ட். குடிசன மதிப்பீட்டில் கணக்கெடுப்பதும் இப்படித்தான். ஒரு கூரையின் கீழ் தாய் ஒரு அடுப்பு, கலியாணம் முடித்த மகள் ஒரு அடுப்பு என்று இருந்தால் ஹவுஸ் ஒன்று, ஹவுஸ்ஹோல்ட் இரண்டு. இது சின்ன விசயம் அல்ல. சுனாமிக்குப் பிறகு வீடு கொடுத்தபோது அழிந்த ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்பதே கொள்கையின் அடிப்படையாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரித்தவர்கள் எங்கே போவது? நாவலடியில் கடலோரம் வாழ்ந்து பின்னர் திராய்மடுவில் குடியேறியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்ட் என்பதற்குக் குடிசன மதிப்பீடு தரும் விளக்கம், அந்தக் குடும்பத்தில் வசிப்பவர்கள் யாரைத் தங்கள் தலைவராக ஏற்றுக்கொள்கிறார்களோ அவர். ஆண் என்று அதில் இல்லை. ஆண் என்று எழுதுவது பேனா பிடித்தவரின் பழக்கம்.

எமது பகுதியில் இந்தப் பழக்கம் மிகவும் விசித்திரமானது. மட்டக்களப்பில் பெண் கலியாணம் முடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் மகளுக்கு. மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் இளையவளுக்கு ஒன்று கட்டத் தொடங்குவார்கள். கடைசி மகளுக்கும் கொடுத்த பிறகு தாய் பின்வளவுக் கொட்டிலில் இருப்பதையும் காண்கிறோம். குடி என்பதும் தாய் வழியாகவே வருகிறது. முற்காலத்தில் இதற்கு முக்குவச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1876இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்துடன் அது வழக்கொழிந்தது. சட்டம் போனது, வழமை நின்றது. தமிழரிடம் மட்டுமல்ல, எமது முஸ்லிம் சகோதரிகளிடமும் வீடு மகளுக்கே.

1876இன் பிறகு நாங்கள் நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ் வந்தோம். வடக்கில் உள்ள தேசவழமை எமக்குப் பொருந்தாது. தேசவழமையில் மனைவி தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு அது வேண்டியதில்லை, 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனச் சட்டப்படி அவளுடைய ஆதனம் அவளுடையது. இதை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? "அவர் கையெழுத்து வைக்காமல் ஏலாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஓர் ஊரில்தான் சுனாமிக்குப் பிறகு புதிய வீடுகளின் பத்திரங்கள் பலவற்றில் ஆணின் பெயர் ஏறியது. தாய் வழியாக மூன்று தலைமுறை வந்த வீடு ஒரு காலைப்பொழுதில் கடலோடு போனது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவரின் பெயரில் வந்தது. வாங்கிக்கொண்டு வந்த பல பெண்களுக்கு அது தெரியவும் இல்லை. தெரிந்தவர்களும் வீடு கிடைத்ததே போதும் என்று இருந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் தரப்பாளுக்குள் இருந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மகளுக்குக் கலியாணம் பேசியபோதுதான் சிலருக்குச் சிக்கல் விளங்கியது. சீதனமாக எழுதிக்கொடுக்கத் தாயின் பெயரில் எதுவும் இல்லை.

அரச காணி என்றால் இன்னும் கவனம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர் பின்னுரித்தாளரைக் குறிப்பிடாமல் இறந்தால் பிள்ளைகளில் மகன்களுக்கே முதலிடம் இருந்தது. மகள்மாருக்கே வீடு என்று வாழும் ஊரில்கூட! 2022இல் இந்தச் சட்டத்தைத் திருத்தி ஆண் பெண் வேறுபாட்டை நீக்கினார்கள். ஆனாலும் பின்னுரித்தாளரைப் பிரதேச செயலகத்தில் பெயர் குறிப்பிட்டுப் பதிந்து வைத்துவிட்டால் பின்னர் பிள்ளைகளுக்குள் வழக்கு வராது. அனுமதிப்பத்திரம் உங்கள் கையில் இருந்தால் இன்றே எடுத்து யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், புறோக்கரிடம் கொடுக்க வேண்டாம்.

கணவர் காணாமற்போனவர்களுக்கு ஒன்று. முன்னர் மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் எந்த அலுவலும் நடக்கும் என்ற நிலை இருந்தது. பலர் அதற்கு மனம் ஒப்பவில்லை. இறந்துவிட்டார் என்று நாமே கையெழுத்து வைப்பது எப்படி? 2016இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். அதை வைத்து, அவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமலே, நிவாரணம் பெறுவது, சொத்தை நிர்வகிக்க நீதிமன்றத்தை நாடுவது போன்ற அலுவல்களைப் பார்க்க முடியும்.

அன்று இந்தச் சான்றிதழ் இருக்கவில்லை. அக்காவிடம் இருந்தது தாய் கொடுத்த சீதன உறுதி மட்டும்தான், அதுவும் ஒரு ஷொப்பிங் பையில் மூன்று மடிப்பாக. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளுக்கு அடுத்ததாக அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியதாகச் சொன்னார். "ஓம் அக்கா, ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்ட் நீங்கள்தான்" என்றேன். புதிய படிவம் ஒன்று எடுத்து வரச் சொன்னேன். தமிழில் கையெழுத்து வைக்கத் தெரியும், ஆங்கிலத்தில் பெயரை எழுதத் தெரியாது. நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்று சனிக்கிழமை எடுத்தது. ஒரு எழுத்து மட்டும் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பித் திரும்பி வந்தது. மூன்றாவது கிழமை சரியாக எழுதி, மையை ஊதிக் காயவைத்து, உறுதி இருந்த அதே பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த இதழில் 'கீ' என்ற சொல்லைப் பார்ப்போம். திறப்புத்தானே என்று நினைக்க வேண்டாம்.